ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தை நாளையே நிறுத்துங்கள்

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் 17 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து அணி போன ஆண்டு வருவாய் மாவட்ட இறுதிப் போட்டி வரை போனது. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 41–32 என்று முன்னிலையில் இருந்தோம். முடிவில் 47–52 என்று தோற்றோம். கடைசி குவார்ட்டரில் 9 ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காக யாரும் மறிக்காமல் நின்று போடும், ஒரு புள்ளி வீச்சு) கிடைத்து, 2 மட்டும் விழுந்தன. முதல் ஐந்து பேரைத்தான் பெரும்பாலும் ஆட வைத்தேன். மற்றவர்களை இறக்கினால் லீடு போய்விடுமோ என்று பயம். ஆட்டம் முழுக்க ஃபுல் கோர்ட் பிரஸ்தான், அதாவது கோர்ட் முழுக்க எதிரணியைத் துரத்தி அடைப்பது. எங்கள் பலமே அதுதான். பிள்ளைகளுக்கு ஸ்டாமினா போதவில்லை என்று ஜூன் முதல் தினமும் காலையில் ரோட்டில் 5 கி.மீ. ஓட விடுகிறேன். ஆனாலும் பயிற்சி ஆட்டங்களில் கடைசியில் அதே கதைதான். இப்போது இரண்டு பேருக்கு முட்டி வலி வேறு. அணியில் மொத்தம் எட்டுப் பேர். குறுவட்டப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போன ஆண்டு இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்த இரண்டு முட்டிகள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வலி எங்கே என்று ஒற்றை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு மேடு இருக்கிறதே, அதைத் தொட்டால் வளரும் வயதில் வருகிற வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சில்லுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில் இருக்கும் தசைநாரைத் தொட்டால், குதித்துக் குதித்து வந்த வலி. சில்லைச் சுற்றிப் பொதுவாகக் கையைச் சுழற்றிக் காட்டி, “மாடி ஏறுறப்ப வலிக்குது மிஸ், ரொம்ப நேரம் உட்கார்ந்து எந்திரிச்சா வலிக்குது” என்று சொன்னால் அது வேறு வகை. இந்த மூன்றுமே பாரம் ஏறியதால் வருபவை. ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, தொடையையும் இடுப்பையும் பலப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் திரும்பும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டது, அன்றைக்கே முட்டி வீங்கியது, நடக்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவளைக் கோர்ட்டில் காலே வைக்க விடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் நேரே கூட்டிப் போங்கள். எண்ணெய் தடவி, கிரேப் பேண்டேஜ் சுற்றி ஆட விட்ட முட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் சிலர் இருபது வயதுக்குள் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் ஒரு கோப்பையோடு முடிகிற விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம், விடுதி, அதற்கப்புறம் ரயில்வே வேலை என்று ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிற வழி அது. சென்னைப் பெண் அனிதா பால்துரை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய அணிக்கு ஆடினார், தலைமை தாங்கினார், 2021-இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். அத்தனை ஆண்டுகள் ஆடுவதற்கு முட்டி வேண்டும். பதினாறு வயதில் அதைத் தேய்த்துவிடக் கூடாது.

இப்போது ஸ்கோர் ஷீட்டுக்கு வருகிறேன். படம் தெளிவாக இருந்தது, நன்றி. மேசையில் எழுதியவர் விதிப்படி முதலாம், மூன்றாம் குவார்ட்டரைச் சிவப்பிலும் மற்ற இரண்டை நீலத்திலும் எழுதியிருக்கிறார். அரை ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியின் ஃபவுல் கட்டத்துக்கு நடுவே தடித்த கோடும் போட்டிருக்கிறார். அதனால் அந்தக் கோட்டுக்கு அப்புறம் நீலத்தில் இருப்பதெல்லாம் கடைசி குவார்ட்டர். உங்கள் பக்கத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். குழு ஃபவுலின் நான்கு கட்டமும் நிரம்பியிருக்கிறது. அதற்கு மேல் ஐந்து இடத்தில் ‘பி’ எழுதிப் பக்கத்தில் ‘2’ போட்டிருக்கிறது. அதாவது குழு ஃபவுல் நான்கைத் தாண்டியதால், ஐந்து முறை எதிரணிக்கு இரண்டிரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்திருக்கிறீர்கள். புள்ளிகளை வரிசையாகக் குறிக்கும் ஓடும் கணக்கில் அவர்களுடைய கடைசி 20 புள்ளிகளைப் பாருங்கள். கரும்புள்ளி வைத்தவை 8. அவை ஃப்ரீ த்ரோ. சாய்கோடு போட்டவை ஆறு கூடை, 12 புள்ளி. நீங்கள் எடுத்தது 6. அதில் இரண்டு கூடை, இரண்டு ஃப்ரீ த்ரோ.

அவர்கள் உங்களை ஓடி ஜெயிக்கவில்லை. 8 புள்ளியை நின்ற இடத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். நீங்கள் 7 புள்ளியை நின்ற இடத்தில் நின்று விட்டிருக்கிறீர்கள். தோல்வி 5 புள்ளியில்.

இதைச் சொல்வதால் பிள்ளைகள் களைக்கவில்லை என்று ஆகாது. களைத்துத்தான் போயிருக்கிறார்கள். கால் களைத்தவள் எதிராளியின் முன்னால் போய் நிற்க முடியாமல் கையை நீட்டுவாள். கையை நீட்டினால் ஃபவுல். ஃப்ரீ த்ரோவில் பந்தைத் தூக்குவதும் கால்தான். கால் செத்துப்போனால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வரும். உங்கள் பிள்ளைகள் தவறவிட்ட ஏழில் எத்தனை முன்விளிம்பில் பட்டன என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். மறந்திருக்க மாட்டார்கள். கேள்வி, ஏன் களைத்தார்கள் என்பதுதான். அதற்கும் பதில் அதே தாளில் இருக்கிறது. உங்கள் எட்டாவது பெண்ணின் பெயருக்கு எதிரே, ஆட்டத்தில் இறங்கியதற்கான பெருக்கல் குறியே இல்லை. இன்னொருத்திக்குக் குறி நீலத்தில், 7-ஆம் எண் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறியபோது போட்டதாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு சூடாகாமல், அந்த நெருக்கடியில், முதல் முறையாக உள்ளே வந்திருக்கிறாள்.

ஒரு ஆட்டம் 40 நிமிடம், உள்ளே ஐந்து பேர். ஆக 200 நிமிடம் இருக்கிறது. அதை எட்டுப் பேருக்குப் பிரித்துத் தாளில் எழுதுங்கள். உங்கள் சிறந்த இருவருக்கு 30, 30. அடுத்த மூவருக்கு 26 வீதம் 78. மிச்சம் 62-ஐ வெளியே இருக்கும் மூவருக்கு 22, 20, 20 என்று கொடுங்கள். முதலில் இது பயமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று பேரையும் ஒரே நேரத்தில் இறக்கச் சொல்லவில்லை. ஒருத்தியை மட்டும், மற்ற நான்கு பழைய ஆட்களோடு சேர்த்து இறக்குங்கள். அவளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: “அந்த 11-ஆம் நம்பரை விடாதே, ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) முதுகு கொடுத்து அடை, பந்து வந்தால் உடனே கொடுத்துவிடு.” அவ்வளவுதான். வேலை சின்னதாக இருந்தால் செய்துவிடுவாள். அடுத்த ஆட்டத்தில் அவளே கொஞ்சம் கூட எடுத்துக்கொள்வாள்.

எப்போது மாற்றுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் குவார்ட்டருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 2 நிமிட இடைவேளை, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவிலும் அப்படியே. மூன்றாவது குவார்ட்டரில் இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்தும் உங்கள் பாயிண்ட் கார்டை வெளியே எடுத்தால், ஆட்டக் கணக்கில் அவள் இழப்பது 2 நிமிடம்தான். ஆனால் இடைவேளை, ஃபவுல், பந்து வெளியே போவது எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாத மூச்சு கிடைக்கும். கடைசி குவார்ட்டரின் முதல் பந்தை அவள் தெளிந்த தலையோடு எடுத்து வருவாள். நல்ல பயிற்சியாளர்கள் எல்லாரும் செய்வது இது.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழக அணியை 1961 முதல் 1997 வரை பயிற்றுவித்த டீன் ஸ்மித்திடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரன் களைத்தால் முஷ்டியை உயர்த்திக் காட்டுவான், உடனே மாற்று ஆள் இறங்குவான். தானாகக் கேட்டு வெளியே வந்தவன், மூச்சு வாங்கி முடித்ததும் தானாகவே உள்ளே போகக் கேட்கலாம். பயிற்சியாளரே களைப்பைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தால் அந்த உரிமை கிடையாது. மைக்கேல் ஜோர்டானும் கல்லூரிக் காலத்தில் அந்த அணியில் ஆடியவர்தான். நம் பிள்ளைகள் “முடியல மிஸ்” என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. கையை உயர்த்தினால் திரும்ப உள்ளே போகலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்து, அதைப் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை நிறைவேற்றியும் காட்டுங்கள். பிறகு நம்புவார்கள்.

அடுத்தது உங்கள் பிரஸ். அது உங்கள் பலம் என்பதை நான் மறுக்கவில்லை. 41 புள்ளி வந்ததே அதனால்தான். ஆனால் பிரஸ் என்பது மிளகாய் மாதிரி. குழம்பில் போடலாம், சோறாகச் சாப்பிட முடியாது. 28 மீட்டர் கோர்ட் முழுக்க ஐந்து பேரும் துரத்துவதை 40 நிமிடமும் செய்ய, பெரிய அணிகளே பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கும். நீங்கள் கூடை போட்ட பிறகும் கடைசி ஃப்ரீ த்ரோ விழுந்த பிறகும் மட்டும் பிரஸ் எடுங்கள். அப்போதுதான் அவர்கள் கோட்டுக்கு வெளியே இருந்து பந்து போட்டாக வேண்டும். உங்கள் பிள்ளைகளும் அவரவர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டரின் முதல் மூன்று நிமிடம் முழு வேகத்தில் போகட்டும். மற்ற நேரத்தில் அரைக்கோர்ட்டுக்குத் திரும்பி மேன் டு மேன், ஆளுக்கு ஒரு ஆளைக் காப்பது. ஒரு குவார்ட்டரில் மூன்று ஃபவுல் ஆகிவிட்டால் பிரஸ் அங்கேயே நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இருக்கும் ஒரு பெண்ணிடம் அந்த எண்ணிக்கையைக் கத்திச் சொல்லும் வேலையைக் கொடுங்கள். முன்னால் இருவரும் பின்னால் மூவரும் ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காக்கும் இரண்டு–மூன்று சோன் ஒன்றையும் கற்றுக் கொடுத்து வையுங்கள். முன்னிலையில் இருந்து, ஃபவுலும் ஏறியிருக்கும்போது கால்களுக்கு ஓய்வு கொடுக்க அது உதவும். அதில் மூலையிலிருந்து வரும் ஷாட்டும் ரீபவுண்டும் ஓட்டை. அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

9 புள்ளி முன்னிலையோடு கடைசி 10 நிமிடத்தைத் தொடங்கும்போது என்ன செய்வது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் பந்து கிடைத்ததும் 8 விநாடியில் அடித்துவிடுகிறார்கள், எதிரணி 12 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 20 விநாடி. 600 விநாடியில் இரண்டு அணிக்கும் 30 வாய்ப்பு. அதுவே நீங்கள் 20 விநாடி வரை பந்தைச் சுழற்றிவிட்டு அடித்தால் ஒரு சுற்று 32 விநாடி, வாய்ப்பு 19-க்குள் அடங்கிவிடும். 30 வாய்ப்பில் 9 புள்ளியைத் துரத்திப் பிடிக்கலாம். 19-இல் ரொம்பக் கஷ்டம். பந்து கையில் இருக்கிற நேரமெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் நேரமும்கூட. பந்து கிடைத்த 24 விநாடிக்குள் அடித்தாக வேண்டும்; மாவட்ட ஆட்டங்களில் அதைக் காட்டும் பலகை இல்லாமல், மேசையில் ஒருவர் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற இடங்களும் உண்டு. ஆட்டத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைம் அவுட்டும் அப்படித்தான். பின்பாதியில் மூன்று உண்டு என்றாலும், கடைசி 2 நிமிடத்துக்குள் இரண்டுக்கு மேல் கிடையாது. சேமித்து வைத்தால் ஒன்று வீணாகும். எதிரணி தொடர்ந்து 6 புள்ளி எடுத்த உடனேயே ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ரோட்டு ஓட்டத்தை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன். கூடைப்பந்து ஆட்டத்தைப் படம் பிடித்து எண்ணிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சராசரியாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆட்டக்காரரின் அசைவு மாறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டம், நிறுத்தம், பக்கவாட்டு நகர்வு, குதிப்பு, பின்னோக்கி ஓடுவது என்று ஒரு ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் மாற்றங்கள். ரோட்டில் 5 கி.மீ. ஓடும்போது மாற்றமே இல்லை. அரை மணி நேரம் ஒரே வேகம். அதில் நுரையீரலுக்குக் கொஞ்சம் பலன் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் வேகமாகப் பாய்ந்து, சட்டென்று நின்று, 20 விநாடியில் மறுபடி பாயும் திறன் அதிலிருந்து வராது. மேலும் ரோடு தார், உங்கள் கோர்ட் சிமெண்ட். இரண்டும் ஒரே நாளில் அந்த முட்டிகளில்தான் இறங்குகின்றன.

அதற்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் இதைச் செய்யுங்கள். பேஸ்லைனில் தொடங்கி எதிர் பேஸ்லைனைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போய் வர 56 மீட்டர். 12, 13 விநாடியில் முடிப்பார்கள். அதைப் போல இரண்டு மடங்கு நேரம் நின்று மூச்சு வாங்கட்டும். இப்படி ஆறு முறை. மூன்று நிமிடம் தண்ணீர், ஓய்வு. மறுபடி ஆறு. முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள். ஆறு வாரத்தில் அந்த வித்தியாசம் சுருங்க வேண்டும். அதுதான் உங்களுக்கு வேண்டிய ஸ்டாமினா. மற்ற இரண்டு நாள் நான்குக்கு நான்கு, முழுக் கோர்ட்டில் ஆட விடுங்கள். 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு, நான்கு முறை. பந்து வெளியே போனால் காத்திருக்காமல் கையில் இன்னொரு பந்தோடு நில்லுங்கள், உடனே போடுங்கள். எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். இந்தப் பயிற்சிக்கு எட்டுப் பேர் மிகச் சரியான எண்ணிக்கை. முட்டி வலி உள்ள இருவரும் இந்த ஓட்டத்தில் சேர வேண்டாம். அந்த நாட்களில் அவர்களுக்கு இடம் விட்டு நகராத பந்துப் பயிற்சியும் சைக்கிளும் போதும். நான்குக்கு நான்கு ஆடும் நாளில் மூன்றுக்கு மூன்றாக்கிவிடுங்கள்.

ஃப்ரீ த்ரோவை அந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே வையுங்கள். ஆறு ஓட்டம் முடிந்து மூச்சு இரைக்கும்போதே ஒவ்வொருத்தியும் கோட்டுக்கு வந்து இரண்டு போட வேண்டும், இரண்டு மட்டும். பயிற்சி முடிந்த பிறகு நிதானமாக நின்று ஐம்பது போடுவதை எல்லாப் பள்ளியிலும் பார்க்கிறேன். ஐம்பதாவது பந்தில் கை பழகிவிடும். ஆட்டத்தில் யாருக்கும் ஐம்பது கிடைப்பதில்லை. பந்தைக் கொடுத்த பின் ஐந்து விநாடிக்குள் போட வேண்டும். அதற்குள் எத்தனை முறை தட்டுவது, எங்கே பார்ப்பது, எப்போது மூச்சை விடுவது என்று ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளட்டும். ஒருத்தி இரண்டு தட்டு, ஒருத்தி மூன்று. எதுவானாலும் மாறக் கூடாது.

குதித்து இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு முட்டியின் உள்ளே இருக்கும் முன்குறுக்குத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்து அறுவதில்லை. ரீபவுண்டு எடுத்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதும் முட்டி உள்பக்கம் மடிந்து அறுகிறது. அதைத் தடுக்கப் பழக்க முடியும் என்பதுதான் நல்ல செய்தி.

உங்கள் வராண்டாவில் ஒரு அடி உயரத்தில் படி இருந்தால் போதும். பிள்ளை அதில் நின்று, கீழே இறங்கியதும் உடனே மேலே குதிக்கட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து செல்போனை முட்டி உயரத்தில் பிடித்துப் படமெடுங்கள். பிறகு மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். தரையைத் தொடும் கணத்தில் இரண்டு முட்டியும் ஒன்றை ஒன்று முத்தமிடுவது போல உள்ளே சாய்கிறதா? எட்டில் மூன்று நான்கு பேருக்கு அப்படி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தப் படத்தை அவளிடமே காட்டுங்கள், நூறு வார்த்தையை அது மிச்சப்படுத்தும். “முட்டியை உள்ளே விடாதே” என்று கத்துவதைவிட “சத்தமே கேட்காமல் இறங்கு” என்று சொல்லுங்கள். சத்தம் வராமல் இறங்க வேண்டுமென்றால் முட்டியும் இடுப்பும் தானாக மடியும். என் அனுபவத்தில் இதற்கு இணையான சொல் கிடையாது. இரண்டு காலில் சரியானதும் ஒற்றைக் காலில். அதன் பிறகு, இறங்கும்போது நீங்கள் தோளில் லேசாகத் தட்டிவிட, அவள் நிலை குலையாமல் நிற்க வேண்டும்.

இதோடு ஒற்றைக்கால் ஸ்குவாட், படுத்தபடி இடுப்பைத் தூக்குதல், குதிகால் உயர்த்துதல், பிளாங்க். தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள முட்டி போட்டபடி உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சியும் வேண்டும். தொடையின் பின்தசைக்கு அதை மிஞ்சியது இல்லை. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம், வாரம் மூன்று நாள், வார்ம் அப்பாகவே. மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடுவதற்குப் பதில் இது. கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற வார்ம் அப்பும் கிட்டத்தட்ட இதேதான். இணையத்தில் படத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் வலி இருக்கும் பெண்ணுக்கு, சுவரில் சாய்ந்து நாற்காலி போல உட்கார்ந்து 45 விநாடி, ஐந்து முறை. வலி கூடாத அளவுக்கு மட்டும். ஷூவின் அடியையும் புரட்டிப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால், மணல் படிந்த சிமெண்டில் அதுவே ஆளைக் கவிழ்க்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை இப்போது கேட்கிறேன். இந்த எட்டுப் பேருக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்கள் அணிக்கு உடல்திறன் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் உயரமான ஒரு பிள்ளை, நல்ல கை. முதல் பத்து நிமிடம் அவளைப் பார்த்தால் மாநில அணியில் ஆட வேண்டியவள் என்று தோன்றும். அதற்கப்புறம் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றுவிடுவாள். ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் சோம்பேறி என்று சொன்னேன். கூடுதல் ரவுண்டு ஓட விட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினாள். ஒரு ரத்ததான முகாமில் கொடுக்கப் போனவளைத் திருப்பி அனுப்பினார்கள்: 8.2. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டுதான் அவள் நான் சொன்ன ரவுண்டையெல்லாம் ஓடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போய் அவளுடைய அம்மாவிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவர் சொன்னபடி மாத்திரை சாப்பிட்டாள். அடுத்த சீசனில் நான்கு குவார்ட்டரும் ஆடினாள். அன்றிலிருந்து எந்தப் பெண்கள் அணியை எடுத்தாலும் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் விசிலை வாயில் வைக்கிறேன்.

இது அரிதான கதை இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. உங்கள் எட்டுப் பேரில் நான்கு பேருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள். குறைவாக இருந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர் சொல்லட்டும்; பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரை வராமல் தடுக்கத்தான், ஏற்கெனவே குறைந்தவளுக்கு அது போதாது. பூச்சி மாத்திரையையும் கேளுங்கள். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். முருங்கைக்கீரை, கறுப்புக் கொண்டைக்கடலை, முடிந்த வீட்டில் ஈரல். கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. குறை தீர மாதக்கணக்கு ஆகும். அதனால் இந்த ஆறு வாரத்தில் ரத்தம் குறைந்த பிள்ளைக்கு நிமிடங்களைக் குறைத்துக் கொடுங்கள், பிரஸ்ஸில் முன்வரிசையில் வைக்காதீர்கள்.

மாதவிடாயில் அதிகமாகப் போகிறதா என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் பெண் என்பதால் உங்களிடம் சொல்வார்கள். பல பள்ளிகளில் சொல்ல ஆளே இல்லை. காலையில் வெறும் டீயோடு பயிற்சிக்கு வருகிறவர்கள் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அவர்களுக்கு ஒரு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் உங்கள் அறையில் இருக்கட்டும்.

வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும். ஒரு நாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பிள்ளை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் தண்ணீர் போதவில்லை. கால் மணிக்கு ஒருமுறை குடிக்க வையுங்கள், முடிந்ததும் உப்புப் போட்ட மோர்.

ஆறாவது வாரத்தில் ஆசிரியர்கள் எல்லாரும் செய்கிற தவறு, கடைசி நேரத்தில் இன்னும் கொஞ்சம் பிழிவது. அந்த வாரம் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம், எண்ணிக்கையைக் குறையுங்கள். பன்னிரண்டு ஓட்டம் ஆறாகட்டும். குறுவட்டத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்துவிடும். முதல் ஆட்டம் சுலபமாகப் போனால் உங்கள் முதல் ஐந்து பேரை அரை ஆட்டத்தோடு உட்கார வைத்துவிட்டு, மற்ற மூவருக்கும் நிறைய நேரம் கொடுங்கள். மாலை ஆட்டத்தில் அந்த மூவரும் இருபது நிமிடம் நிற்க வேண்டுமென்றால், காலையில் வியர்த்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவையும் அந்தப் படி இறங்கும் வீடியோக்களையும் எனக்கு அனுப்புங்கள். யார் யாருக்கு என்ன பயிற்சி என்று தனித்தனியாக எழுதித் தருகிறேன். குறுவட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டையும் அனுப்புங்கள். வெற்றியோ தோல்வியோ, எட்டாவது பெயருக்கு எதிரே பெருக்கல் குறி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.